ஹௌடாவில் வீடு வாங்கினோம்: முதலில் வாசல்படியைப் பாருங்கள்

நெதர்லாந்தில், ரோட்டர்டாம் பக்கம் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன் இருக்கிறார். எண்பதுகளில் அகதியாக வந்து, இங்கேயே வேலை பார்த்து, ஓய்வும் பெற்றுவிட்டார். வீடு தேடுகிறோம் என்று 2024 பொங்கலன்று அவரிடம் சொன்னோம். விலை, வட்டி எதையும் அவர் கேட்கவில்லை. "வீட்டைப் பிறகு பாக்கலாம் தம்பி. முதல்ல வாசல்படியைப் பாருங்கோ" என்றார். வாஸ்து சொல்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துத் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அவர் மண்ணைப் பற்றிப் பேசினார் என்பது எனக்கு உறைக்க ஒரு வருடமும் ஆயிரத்து நானூறு யூரோவும் பிடித்தன.

எனக்கு உத்ரெக்டில் வேலை, மனைவிக்கு டென் ஹாகில். ஆறு வருடமாக உத்ரெக்டில் வாடகை வீடு, மாதம் 1,650 யூரோ. அந்த ஊரில் வாங்குவதென்றால் எங்கள் வருமானத்துக்கு இரண்டு படுக்கையறை ஃபிளாட்தான் வரும். ரயில் வரைபடத்தை மேசையில் விரித்து இருவருக்கும் நடுவில் விரலை வைத்தால் அங்கே ஹௌடா. இரண்டு பக்கமும் விரைவு ரயிலில் இருபது நிமிடம். நம்மூர் சூப்பர் மார்க்கெட்டில் 'கூடா சீஸ்' என்று விற்கிறார்களே, அந்த ஊர்தான். இங்குள்ளவர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு 'ஹௌடா' என்பார்கள். மக்கள்தொகை 75,000 சொச்சம், நான் பிறந்த மன்னார்குடியைவிடக் கொஞ்சம் பெரிது. 1272-இல் நகர உரிமை வாங்கிய பழைய ஊர். 123 மீட்டர் நீளமுள்ள தேவாலயம், வியாழக்கிழமைச் சந்தை, எங்கு திரும்பினாலும் கால்வாய். டெல்டாக்காரனுக்குப் பிடிக்காமல் போகுமா?

ஆனால் மண்? செடியும் கோரையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தண்ணீரில் ஊறி மக்கிய கறுப்பு மண். பீட் என்பார்கள். தண்ணீரை இறைத்தால் காய்ந்து சுருங்கும், மேலே பாரம் வைத்தால் அமுங்கும். இறைக்காவிட்டால் ஊர் மூழ்கும். நெதர்லாந்திலேயே தாழ்வான இடம், கடல்மட்டத்துக்குக் கீழே 6.76 மீட்டர், ஹௌடாவுக்கும் ரோட்டர்டாமுக்கும் நடுவில் நியூவர்கெர்க்கில்தான் இருக்கிறது. ஆக இந்தப் பக்கம் எல்லாமே மெதுவாகக் கீழே போய்க்கொண்டிருக்கிறது. கேள்வி, வீடும் சேர்ந்து போகிறதா, வீடு நின்றுகொண்டு சுற்றியுள்ள மண் மட்டும் போகிறதா என்பதுதான்.

நாங்கள் முதலில் மயங்கியது கோர்ட்டே ஆக்கரன் பகுதியில் 1920-களில் கட்டிய ஒரு செங்கல் வீடு. கதவுக்கு மேலே வண்ணக் கண்ணாடி, உள்ளே மரப் படிக்கட்டு, சுவரெல்லாம் புது வெள்ளை. மனைவி சமையலறையில் நின்று மனசுக்குள் பாத்திரம் அடுக்கத் தொடங்கிவிட்டாள். எங்கள் மகளுக்கு அப்போது ஆறு வயது. ஊரிலிருந்து கொண்டுவந்த கோலிக்குண்டு ஒன்று எப்போதும் அவள் பாக்கெட்டில் இருக்கும். அதைக் கூடத்தில் கீழே விட்டாள். நின்ற இடத்திலிருந்து அது மெதுவாக நகர ஆரம்பித்து, சோபாவுக்கு அடியில் புகுந்து, மறுபக்கம் வந்து, வேகம் பிடித்துத் தெருப்பக்கச் சுவரில் 'டக்' என்று மோதி நின்றது. விற்பவரின் தரகர் சிரித்தார். பழைய வீடுகளுக்கு இது ஓர் அழகு என்றார். மகள் திரும்ப எடுத்துவந்து மறுபடியும் விட்டாள். அதே பாதை, அதே 'டக்'.

அஸ்திவார அறிக்கை இருக்கிறதா என்று கேட்டோம். இல்லை. இந்த வயதுடைய வீடுகள் பல மரத்தூண்களின் மேல் நிற்பவை. அப்பாவிடம் வாட்ஸாப்பில் சொன்னேன். "தண்ணிக்குள்ள கெடக்குற மரம் கெடாதுப்பா, மேல தெரிஞ்சாத்தான் உளுத்துப் போகும்" என்றார். ஒரு பொறியாளர் பத்துப் பக்கத்தில் எழுதுவதும் இதைத்தான். நிலத்தடி நீர் இறங்கித் தூணின் தலை காற்றுப் பட்டால் அழுகல் தொடங்கும். சரிசெய்வது பல பத்தாயிரம் யூரோ, சில வீடுகளுக்கு ஒரு லட்சத்தைத் தொடும். வீட்டுக் காப்பீடு இதற்குப் பொதுவாகத் தராது. ஒட்டு வீடு என்றால் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்தால்தான் வேலையே நடக்கும்.

இன்னொரு வார்த்தையிலும் கவனமாக இருங்கள். நகர மையத்தில் பார்த்த ஒரு வீட்டின் விவரக் குறிப்பில் 'ஃபுண்டேரிங் ஓப் ஸ்டால்' என்று இருந்தது. ஸ்டால் என்றால் டச்சில் எஃகு. ஆகா, எஃகு அஸ்திவாரம், அசைக்க முடியாது என்று நான் மகிழ்ந்துபோனேன். எங்கள் தரகர்தான் சிரித்துக்கொண்டே திருத்தினார். அந்த ஸ்டால் வேறு, பழைய டச்சுச் சொல். தூணே இல்லாமல் மண்மேல் நேராக உட்கார்ந்திருக்கும் வீடு என்று பொருள். கெட்டியான மணல்மேட்டில் அதற்கு ஒரு குறையும் இல்லை. ஹௌடாவின் பீட் மண்ணில் வேறு கதை.

தரகர் என்றதும் நம்மூர் புரோக்கரை நினைக்க வேண்டாம். இங்கே மாக்கலார் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் வேலை செய்வார். விளம்பரத்தில் வீட்டைக் காட்டுகிறவர் விற்பவருடைய ஆள். எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் உங்கள் வரம்பு என்ன என்பதை அவரிடம் சொல்லக் கூடாது. வாங்குபவருக்கென்று தனி மாக்கலார் வைத்துக்கொள்ளலாம், நாங்கள் 3,600 யூரோ கொடுத்து வைத்தோம். வீண்செலவு என்று பல நண்பர்கள் சொன்னார்கள். எஃகு அஸ்திவாரத்துக்கு நான் துள்ளிக் குதித்ததைப் பார்த்த பிறகு மனைவி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இனி பணம். வீட்டு விளம்பரங்கள் வரும் ஃபுண்டா இணையதளத்தில் விலைக்குப் பக்கத்தில் கே.கே. என்று இரண்டு எழுத்து இருக்கும். 'கோஸ்டன் கோப்பர்' என்பதன் சுருக்கம், செலவெல்லாம் வாங்குபவர் தலையில் என்று அர்த்தம். டச்சில் அந்த எழுத்தை 'கா' என்றுதான் உச்சரிப்பார்கள், ஆக விலையைச் சொல்லிவிட்டு 'காகா' என்பார்கள். மகளுக்கு அது பெரிய வேடிக்கை. எனக்கு அவ்வளவாக இல்லை, ஏனென்றால் வங்கி வீட்டின் மதிப்பில் நூறு சதவீதம்வரை கடன் தரும், ஆனால் இந்தக் காகா செலவுகளுக்கு ஒரு காசும் தராது. எல்லாம் கைக்காசு.

இதில் முதல் செலவு சொத்து மாற்று வரி. நாமே குடியிருக்க வாங்கினால் விலையில் 2 சதவீதம். 35 வயது நிரம்பாதவர் முதல் முறை இந்தச் சலுகையைப் பயன்படுத்தினால் வரியே இல்லை. ஆனால் வீட்டின் மதிப்புக்கு ஒரு வரம்பு உண்டு, நாங்கள் வாங்கிய 2024-இல் அது 5,10,000 யூரோ. பலருக்குத் தெரியாத விஷயம், இது தம்பதிக்குச் சேர்த்துப் பார்ப்பதல்ல, ஆளுக்கு ஆள் பார்ப்பது. எனக்கு 37. மனைவிக்கு 34, அக்டோபர் 11-ஆம் தேதி 35 முடிகிறது. பத்திரம் பதிவாகும் நாளில் உள்ள வயதுதான் கணக்கு. அக்டோபர் 10 என்றால் அவள் பாதிக்கு வரி பூஜ்யம், 11 என்றால் நாலாயிரம் யூரோ. அந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் அவள் பிறந்தநாள் சிவப்பு மையில் ஒட்டியிருந்தது. "என்னங்க, என் பொறந்தநாள இவ்ளோ ஞாபகமா நீங்க வச்சிருந்ததே இல்ல" என்பாள்.

கடன் விஷயத்தில் மூன்று விஷயங்கள் சொல்லலாம். நிரந்தர வேலை ஒப்பந்தம் இல்லாவிட்டால், இன்ன சூழலில் நிரந்தரமாக்குவோம் என்று நிறுவனம் தரும் கடிதம் இருந்தால் பல வங்கிகள் ஏற்கும். மாதத் தவணையில் எடுத்த கார் லீஸ், கைப்பேசித் தவணை எல்லாம் கடன் பதிவேட்டில் ஏறி நம் வரம்பைக் குறைக்கும். எங்கள் நண்பர் ஒருவர் லீஸ் காரால் பல ஆயிரம் யூரோ கடன் தகுதியை இழந்தார். கடைசியாக, என்.ஹெச்.ஜி. எனப்படும் தேசிய வீட்டுக்கடன் உத்தரவாதம். 2024-இல் அதன் வரம்பு 4,35,000 யூரோ, கட்டணம் கடனில் 0.6 சதவீதம். வேலை போயோ விவாகரத்தாகியோ வீட்டை நட்டத்துக்கு விற்க நேர்ந்தால் மீதிக் கடனை அது பார்த்துக்கொள்ளும். வட்டியும் குறையும். நாங்கள் தேடலையே அந்த வரம்புக்குள் வைத்துக்கொண்டோம்.

ஜனவரியிலிருந்து ஏப்ரல்வரை பதினோரு வீடு பார்த்தோம், மூன்றுக்கு விலை எழுதினோம், மூன்றும் போயின. ஏலம் என்று சொன்னாலும் நம்மூர் ஏலம் மாதிரி கூவுவது கிடையாது. செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்குள் ஒரே ஒரு தொகையை எழுதி அனுப்ப வேண்டும். மற்றவர் எழுதியது தெரியாது. முதல் இரண்டில் கேட்ட விலையைவிட 20,000 கூட்டி எழுதியும் கிடைக்கவில்லை. மூன்றாவதில் ஆத்திரத்தில் எழுதினேன். நல்லவேளை, அதுவும் கிடைக்கவில்லை. அதன்பிறகு மனைவி ஒரு ஏற்பாடு செய்தாள். வீட்டைப் பார்த்துவிட்டு வந்த இரவு, ஒருவருக்கொருவர் காட்டாமல் ஆளுக்கொரு தாளில், 'இதற்கு மேல் ஒரு யூரோ கூடப் போனால் இழந்தாலும் வருத்தமில்லை' என்ற தொகையை எழுத வேண்டும். இரண்டில் குறைந்ததே வரம்பு. சீட்டுக் கம்பெனியில் வளர்ந்த குடும்பத்துப் பெண்.

நான்காவது வீடு ஹௌடாவின் ஹோவர்வெல்லே பகுதியில். எண்பதுகளில் கட்டிய வரிசை வீடு, கான்கிரீட் தூண்களின் மேல். ஹௌடா ஹோவர்வெல்லே ரயில் நிலையம் நடந்து எட்டு நிமிடம். மூன்று படுக்கையறை, பின்னால் சின்னத் தோட்டம், சைக்கிள் கொட்டகை. இங்கே எல்லா விளம்பரத்திலும் 'தெற்கு நோக்கிய தோட்டம்' என்று பெருமையாகப் போடுவார்கள், வெயில் விழும் என்பதற்காக. அம்மா போனில் "தெக்குப் பாத்த வீடா?" என்று பதறினாள். தோட்டம் தெற்கு என்றால் வாசல் வடக்கு என்று விளக்கியதும், "குபேர திசை, முடிச்சுருங்க" என்று உத்தரவு வந்தது.

சமையலறையைத் தாளிக்கிற மனிதராக நின்று பாருங்கள். எண்பதுகளின் வீடுகளில் கழிவறை, குளியலறை, சமையலறை மூன்றுக்கும் சேர்த்துப் பரணில் ஒரே காற்றிழுப்பு மோட்டார் இருக்கும். அந்தக் குழாயில் மோட்டார் வைத்த புகைபோக்கியை இணைத்தால் மிளகாய் நெடி குளியலறை வழியாகத் திரும்ப வரும். சுவர் வழியே நேராக வெளியே போகத் தனிக்குழாய் போட முடியுமா என்று முன்னாலேயே கேட்டுக்கொண்டோம். முடிந்தது. பாய்லரின் வயது, ஜன்னல் கண்ணாடி எந்த வகை, ஆற்றல் தரம் எந்த எழுத்து என்பதையெல்லாம் எங்கள் மாக்கலார் பார்த்தார். 2024 முதல் அந்த எழுத்தைப் பொறுத்துக் கடன் வரம்பே கூடுகிறது, எங்களுக்கு சி, அதனால் 5,000 யூரோ கூடுதல்.

வாசல்படியை மட்டும் நான் பார்க்கவில்லை.

கேட்ட விலை 3,89,000. எங்கள் தாள்களில் என்னுடையது 4,30,000, அவளுடையது 4,21,350. கடைசி 350 எதற்கு என்றால், எல்லோரும் முழு எண்ணாக எழுதுவார்கள், நாம் கொஞ்சம் மேலே நிற்கலாம் என்ற கணக்கு. கடன் கிடைக்காவிட்டால் விலகலாம் என்ற நிபந்தனையையும், கட்டட ஆய்வு நிபந்தனையையும் வைத்தே அனுப்பினோம். நிபந்தனையை எடுத்துவிட்டால் வீடு கிடைக்கும் என்று அலுவலகத்தில் ஆளுக்கு ஆள் சொன்னார்கள். கடன் நிபந்தனை இல்லாமல் கையெழுத்துப் போட்டு, வங்கி மறுத்துவிட்டால் விலையில் பத்து சதவீதம் அபராதம். நாற்பத்திரண்டாயிரம் யூரோவை அப்படிப் பந்தயம் வைக்க எங்களுக்குத் தைரியமில்லை, இப்போது கேட்டாலும் இல்லை.

மறுநாள் மாலை நான்கு மணிக்குப் போன். ரயிலில் இருந்தேன். "ஹெஃபெலிசிடேர்ட்" என்றார் மாக்கலார். எதிர் இருக்கைப் பாட்டி என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன விஷயம் என்று கேட்டு, அவரும் ஒருமுறை வாழ்த்தினார்.

பிறகு ஏலப் பதிவேட்டைப் பார்த்தபோதுதான் சுவாரசியம். 2023 முதல் தரகர் சங்கங்களின் உறுப்பினர்கள் எல்லா விலைகளையும் நிபந்தனைகளையும் பதிவு செய்து வைக்க வேண்டும், விற்பனை உறுதியானபின் ஏலம் கேட்டவர்கள் பெயரில்லாமல் அதைப் பார்க்கலாம். ஒன்பது பேர் எழுதியிருந்தார்கள். எங்களுடையது இரண்டாவது! முதல் தொகை 4,24,500. ஆனால் அவர்களுக்கு ஜூனிலேயே வீடு வேண்டுமாம். விற்பவர்களின் புது வீடு செப்டம்பரில்தான் தயாராகிறது. எங்கள் கடிதத்தில் செப்டம்பர் எங்களுக்குச் சரி, அக்டோபர் 10-க்குள் எந்த நாளும் சரி என்று எழுதியிருந்தோம், பிறந்தநாள் காரணத்தால். ஆக, விலை எழுதுமுன் விற்பவர் எப்போது போக நினைக்கிறார் என்று கேட்டுவிடுங்கள். அதைக் கேட்கக் காசு இல்லை.

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிரதி கைக்கு வந்த மறுநாளிலிருந்து மூன்று நாள், காரணமே சொல்லாமல் விலகிக்கொள்ளும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. 'பெடெங்க்டைட்', யோசிக்கும் காலம். அந்த மூன்றில் குறைந்தது இரண்டு நாள் வேலைநாளாக இருக்க வேண்டும், அதனால் வியாழக்கிழமை பிரதி வாங்கிய எங்களுக்குத் திங்கள் இரவுவரை நேரம். சனிக்கிழமை மழையில் குடை பிடித்துக்கொண்டு அந்தத் தெருவில் இருமுறை நடந்தோம். பக்கத்து வீட்டு அம்மாள் கதவைத் திறந்து, தொலைந்துவிட்டீர்களா என்று கேட்டார். வீடு வாங்கப் போகிறோம் என்றதும் காப்பி கொடுத்தார். "தோட்டத்தை உயர்த்தும்போது சொல்லுங்கள், மணல் லாரியைச் சேர்ந்து வரவழைக்கலாம்" என்றார். எனக்கு அப்போதும் மண்டையில் ஏறவில்லை, ஏதோ செடி வளர்க்கச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

கட்டட ஆய்வாளர் 475 யூரோவுக்கு இரண்டு மணி நேரம் சுற்றிப் பார்த்து நாற்பது பக்க அறிக்கை தந்தார். கூரை சரி, மழைநீர்க் குழாய் சரி, பாய்லர் பன்னிரண்டு வயது. பச்சைக் குறிகளைப் பார்த்து மகிழ்ந்து மூடிவிட்டோம். முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு சாம்பல் வரி: தரையடி வெளி, பார்க்க இயலவில்லை, மூடிமேல் அலமாரி. இந்த நாட்டு வீடுகளில் தரைத்தளத்துக்கு அடியில் ஆள் தவழ்ந்து போகிற உயரத்துக்கு ஒரு வெளி இருக்கும். அதன் மூடி பெரும்பாலும் வாசலில், கால்மிதிக்கு அடியில். விற்பவர்கள் அங்கே ஒரு கனமான செருப்பு அலமாரியை வைத்திருந்தார்கள். ஆய்வாளர் அதை நகர்த்தவில்லை. நானும் நகர்த்தச் சொல்லவில்லை.

வங்கிக்காக நடத்திய மதிப்பீட்டில் வீடு 4,15,000 என்று வந்தது. அதற்குத்தான் கடன், மீதி 6,350 எங்கள் கையிலிருந்து. இதோடு என் பாதிக்கான வரி 4,213, உத்தரவாதக் கட்டணம் 2,490, கடன் ஆலோசகர் 2,750, மதிப்பீடு 695, பத்திரம் பதியும் நோட்டாரிஸ் 1,450, மொழிபெயர்ப்பாளர் 350, பத்து சதவீத வங்கி உத்தரவாதத்துக்கு 420, மாக்கலார், ஆய்வாளர். கூட்டினால் 22,800 யூரோவுக்கு ஏழு குறைவு. இதில் கடன் தொடர்பானவற்றை, அதாவது ஆலோசகர், மதிப்பீடு, உத்தரவாதம், கடன் பத்திரச் செலவு ஆகியவற்றை அந்த வருட வருமானவரியில் கழித்துக்கொள்ளலாம். வரியையும் மாக்கலார் கட்டணத்தையும் கழிக்க முடியாது. மாதத் தவணை 3.8 சதவீத வட்டியில் 1,934. வட்டிக்கான வரிச்சலுகை மாதம் சுமார் 440 திரும்ப வருகிறது.  

கைக்காசு கொஞ்சம் இடித்ததால் அப்பா ஏழு லட்சம் அனுப்பினார். அந்த ஆண்டு விதிப்படி ஏழு லட்சம்வரை இந்தியாவில் முன்வரிப் பிடித்தம் இல்லை, அதனால் அந்தத் தொகை. நோட்டாரிஸ் அலுவலகம் அப்பாவின் வங்கிக் கணக்கைக் கேட்டது, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டது, நெல் விற்ற ரசீது வரை போனது. ஊரிலிருந்து பணம் வருகிறதென்றால் இரண்டு மாதம் முன்பே வரவழைத்துக் காகிதங்களை அடுக்கி வையுங்கள்.

பத்திரப்பதிவு செப்டம்பர் 12, வியாழன். நோட்டாரிஸ் இங்கே ஒரு நீதிபதி மாதிரி நடுநிலை ஆள், பணமும் அவர் கணக்கு வழியாகத்தான் போகும், வில்லங்கமும் அவரே பார்ப்பார். இரண்டு விஷயத்தில் திணறினோம். மனைவியின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலி. இங்கே நகராட்சிப் பதிவில் அவளுக்குக் குடும்பப்பெயர் மட்டும்தான், சொந்தப் பெயர் கிடையாது. கடன் பத்திரத்தில் ஒரு மாதிரி, சொத்துப் பத்திரத்தில் ஒரு மாதிரி வந்து, முதல் நாள் மாலையில் திருத்தினார்கள். அடுத்து, திருமணமானதும் முதலில் எந்த நாட்டில் குடியிருந்தீர்கள் என்ற கேள்வி. எந்த நாட்டுச் சட்டப்படி சொத்து யாருடையது என்பது அதைப் பொறுத்ததாம். 2014-இல் சைதாப்பேட்டையில் மொட்டைமாடி அறையில் குடியிருந்தோம் என்பது ஒரு டச்சுப் பத்திரத்துக்கு அடிப்படையாகும் என்று அப்போது யார் நினைத்தார்கள்?

அன்று காலை கடைசி முறை வீட்டைச் சுற்றிப் பார்க்கும் சடங்கு உண்டு. போனால் கூடத்தில் சிமெண்டுத் தரை. விளக்குகள் இருந்த இடத்தில் கம்பிகள் தொங்கின. திரைச்சீலைக் கம்பிகூட இல்லை. சண்டைக்குப் போகுமுன் மாக்கலார் ஒப்பந்தத்தின் பின்னிணைப்பைக் காட்டினார். எதை விட்டுச் செல்கிறார்கள், எதை எடுத்துச் செல்கிறார்கள் என்ற பட்டியல். 'மரத்தரை: எடுத்துச் செல்லப்படும்.' கீழே எங்கள் கையெழுத்து. தரையைச் சுருட்டிக்கொண்டு போகிற ஊர் என்று தெரியாமல் போனது எங்கள் தவறு. புதுத் தரைக்கு மூவாயிரம்.

பால் காய்ச்சிக் குடிபோனோம். நவம்பர் கடைசியில் வாசலில் ஒரு வாடை. முதலில் செருப்பு என்றோம், பிறகு பக்கத்து வீட்டு நாய் என்றோம். டிசம்பரில் யாழ்ப்பாணத்து அண்ணன் வீடு பார்க்க வந்தார். கேக் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே வெளியில் நின்றுவிட்டார். குனிந்து, வாசல் நிலையின் அடிக்கும் நடைபாதைக் கல்லுக்கும் நடுவில் கையை விரித்து அளந்தார். ஒரு சாண், நாலு விரல். "வீடு தூணில நிக்குது, அதுக்கு ஒண்டும் ஆகாது. மண் இறங்கிப்போச்சு. அப்ப குழாய்?" என்றார். செங்கல் சுவரில் பழைய மண்மட்டத்தின் கோடு அழுக்காகத் தெரிந்தது. நான் அந்தப் படியை மாதக்கணக்கில் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தேன், வீடு பார்க்க வந்த முதல் நாள் உட்பட. கொஞ்சம் உயரமாக இருக்கிறதே என்று மட்டும் தோன்றியது.

கால்மிதியை எடுத்து மூடியைத் தூக்கினோம். நாற்றம் முகத்தில் அடித்தது. டார்ச் வெளிச்சத்தில் கறுப்புத் தண்ணீர், அதன்மேல் எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை மிதந்தது. வீட்டோடு சேர்ந்த சாக்கடைக் குழாய் அசையாமல் நிற்க, மண்ணில் கிடந்த குழாய் மண்ணோடு இறங்கி, சுவர் ஓரத்தில் இரண்டும் விட்டுப் பிரிந்திருந்தது. இந்த மண்ணில் இது வழக்கமாம். மனைக்குள் இருக்கும் குழாய் நம் பொறுப்பு, நகராட்சியுடையது அல்ல. வந்த குழாய்க்காரர் மண் இறங்கினால் கூடவே வளைந்துகொடுக்கும் இணைப்பை வைத்துவிட்டு 1,400 யூரோ வாங்கிக்கொண்டார். மறைத்து விற்றதாக விற்பவர்களைக் கேட்கலாமா என்று எங்கள் மாக்கலாரிடம் விசாரித்தேன். அவர் அந்த முப்பத்தோராம் பக்கத்தை எடுத்துக் காட்டினார். விற்பவருக்குச் சொல்லும் கடமை இருப்பது போல வாங்குபவருக்கு விசாரிக்கும் கடமை உண்டு. பார்க்க இயலவில்லை என்று எழுதித் தந்தும் நீங்கள் கேட்கவில்லை என்றால், அது உங்கள் கணக்கில்.

அதனால் இப்போது வீடு பார்க்கப் போகும் நண்பர்கள் கூப்பிட்டால் நானும் போகிறேன். வண்ணக் கண்ணாடியை அவர்கள் பார்க்கட்டும், நான் கால்மிதியைத் தூக்குகிறேன். மேலே அலமாரி இருந்தால் நகர்த்தச் சொல்கிறேன். சாக்கடை இணைப்பு எந்த வருடம் மாற்றியது, தோட்டம் கடைசியாக எப்போது உயர்த்தியது, நகராட்சி இந்தத் தெருவை எப்போது உயர்த்தப் போகிறது என்று கேட்கிறேன். தெருவை உயர்த்தினால் நம் தோட்டம் பள்ளமாகி, தெருத் தண்ணீர் உள்ளே வரும். தோட்டத்துக்கு நாம்தான் மணல் போட வேண்டும், அது விலையில் எங்கும் எழுதியிருக்காது.

போன வசந்தத்தில் பக்கத்து வீட்டு அம்மாளும் நாங்களும் சேர்ந்து லாரி மணல் வரவழைத்தோம். நடைபாதைக் கல்லையெல்லாம் பெயர்த்து அடுக்கி, மணல் பரப்பி, மட்டம் பார்த்து மறுபடி பதிக்க மூன்று சனிக்கிழமை ஆயிற்று. அண்ணன் ரப்பர் சுத்தியலோடு வந்திருந்தார். முடித்ததும் வாசலில் குனிந்து கையை வைத்து அளந்தார். நாலு விரல்தான். மகள் பக்கத்தில் உட்கார்ந்து கதவின் நிலையில், அவள் உயரத்தைக் குறிக்கும் கோடுகளுக்கு நேர் கீழே, பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதினாள்.